மூச்சு விடாத குரல்

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார் துப்பறிவாளர்.

அவள் விரல் நடுங்கியது. இரண்டு தடவை தவறான இடத்தைத் தொட்டுவிட்டு, மூன்றாவது தடவைதான் சரியான இடத்தைத் தொட்டாள். மேஜை மேல் கிடந்த செல்போனிலிருந்து அவள் தம்பியின் குரல் ஐந்தாம் முறையாக எழுந்தது.

"அக்கா, நான்தான் பேசறேன், நான் நல்லாத்தான் இருக்கேன், நீ பயப்படாத, என்னை எங்கயும் தேடாத, ஆல்பம் வெளிய வர்ற வரைக்கும் நான் கொஞ்சம் தனியா இருக்கணும், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடறேன், நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அவ்வளவுதான். ஊரே மயங்குகிற இனிமையான குரல். கேட்கக் கேட்க வேன் அக்காவுக்கு முதுகில் ஐஸ் கட்டியை வைத்து இழுத்தது போல் இருந்தது.

அவளை எல்லோரும் வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பதினாறு பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு போய், மாலையில் ஒன்றுகூடக் குறையாமல் வீடு சேர்க்கிறவள். அவர்களுக்கெல்லாம் முன்னால் அவள் வளர்த்தது சொந்தத் தம்பியை. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, இவளுக்குப் பதினெட்டு. இன்றைக்கு அவன் பெயர் சுவரொட்டியில் இருக்கிறது: 'தூறல்'. ராப் பாடுகிறவன். மற்றவர்கள் வார்த்தைகளைக் கல்மழை மாதிரி கொட்டினால், இவன் அதையே ராகம் சேர்த்து, சன்னமாக, நனைவது தெரியாமலே நனைகிற மாதிரி பாடுவான். அதனால் வந்த பெயர் அது. அவனுடைய மூன்றாவது ஆல்பம், 'பதினோரு ஜன்னல்', பதினோரு பாட்டு, ஒன்றரை வருஷ உழைப்பு, இன்று மாலை ஆறு மணிக்கு வெளிவருகிறது. இப்போது மணி பன்னிரண்டே கால். பாடினவனைக் காணவில்லை.

"காலைல எத்தனை மணிக்குக் கிளம்பினார்?"

"ஆறே முக்காலுக்கு சார். 'ஒரு சின்ன வேலைக்கா, முடிச்சிட்டு ஓடி வந்துடறேன்'னு சொன்னான். எட்டு மணிக்கு நான் முதல் நடை முடிச்சு வீட்டுக்குப் போனா, குளிக்கிற அறை மாடத்துல இது கிடக்கு."

அவள் உள்ளங்கையை விரித்தாள். ஒரு நீல இன்ஹேலர். காலையிலிருந்து இறுக்கிப் பிடித்திருந்ததில் கையில் அதன் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"நாலு வயசிலேர்ந்து அவனுக்கு இளைப்பு. இது இல்லாம தெருமுனைக்குக்கூடப் போக மாட்டான். இன்னிக்கு ஏதோ அவசரத்துல மறந்துட்டான். புழுக்கமோ தூசியோ பட்டா இழுக்க ஆரம்பிச்சிடும். ஆரம்பிச்சிட்டா நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லியிருக்கார். போன் போட்டா எல்லைக்கு வெளிய இருக்கார்னு வருது. ஸ்டுடியோவுக்குப் போட்டேன், வரலைன்னாங்க. கூட்டாளிங்க வீடு ஒண்ணு விடாம போய்ப் பாத்துட்டேன். பதினொரு மணிக்கு இது வருது, யாரோ தெரியாத நம்பர்லேர்ந்து. திருப்பிக் கூப்பிட்டா சுவிட்ச் ஆஃப்." அவள் செல்போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "சார், இது அவன் குரல்தான். ஆனா பேசறது அவன் இல்ல. எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல."

துப்பறிவாளர் ஒல்லியான மனிதர். கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார். தூங்குகிறாரா, வேண்டிக்கொள்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பம் வரும். பெரும்பாலும் வேண்டுதல்தான்.

மூலையிலிருந்த ஸ்டூல் முனகியது. அதன்மேல் அவருடைய உதவியாளன் உட்கார்ந்திருந்தான். ஆறடி உயரம், கதவை அடைக்கிற அகலம். அவனுக்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, 'துரும்பு' என்று வைத்துவிட்டார்.

"பாஸ், எனக்குப் பொறாமையா இருக்கு" என்றான் துரும்பு. "நான் இந்த மாடி ஏறி வந்து உங்களுக்கு ஒரு குட் மார்னிங் சொல்றதுக்கே நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்கறேன். 'குட்' முதல் மாடில, 'மார்னிங்' ரெண்டாவது மாடில. இளைப்பு இருக்கிற மனுஷன் இத்தனை நீளத்தை ஒரே தம்முல முடிச்சிட்டாரே!"

வேன் அக்காவுக்குச் சுருக்கென்றது. தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இங்கே குலை நடுங்கிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடியனுக்குத் தமாஷா?

துப்பறிவாளர் கண்ணைத் திறந்தார். "துரும்பு, அதை இன்னொரு தடவை சொல்லு."

"எதை? குட் மார்னிங்கையா?"

"அம்மா, மறுபடி போடுங்க. இந்தத் தடவை வார்த்தையைக் கேக்காதீங்க. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல என்ன இருக்குன்னு கேளுங்க."

அவள் கேட்டாள். நடுவில் ஒன்றுமே இல்லை. துடைத்துக் கழுவிய தரை மாதிரி வெறுமை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இருபது வருஷமாக, பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அவள் காது கொடுத்துக் கேட்ட சத்தம் அதில் இல்லை.

"மூச்சு" என்றாள். உதடு வெளுத்துவிட்டது. "மூச்சு இல்ல சார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இழுப்பான். சன்னமா விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். இதுல அது இல்லைன்னா... ஐயோ, அப்படின்னா அவன்..."

"அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார் அவர் அவசரமாக. "இது ஒருத்தர் உக்காந்து பேசினது இல்ல. வேற வேற நாள்ல பேசின துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினது. ஒட்டும்போது நடுவுல இருந்த மூச்சை எல்லாம் வெட்டி எடுத்திருக்காங்க."

"கடத்தினவங்களா?"

"கடத்தறவனுக்கு மூச்சு என்னக்கா கெடுதல் பண்ணிச்சு?" என்றான் துரும்பு. "அதை விட்டு வச்சிருந்தா இன்னும் நம்பற மாதிரில்ல இருந்திருக்கும்!"

"அதேதான். மூச்சை வெட்டினதாலதான் ஆள் மாட்டிக்கிட்டான். அவன் வேணும்னு வெட்டல. கை தானா வெட்டியிருக்கு. தினமும் அதே வேலையைச் செய்யற கை."

வேன் அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னான் சார். 'சவுண்டு அண்ணன் என் பாட்டுல இருக்கிற மூச்சை எல்லாம் வெட்டிட்டாருக்கா. கேட்டா, சுத்தம் பண்றேங்கறாரு. கடைசிப் பாட்டு நான் உனக்காகப் பாடினது. அதுலயாவது நான் இளைக்கிறது கேக்கணும்னு சண்டை போட்டுட்டு வந்தேன்'னு சொல்லிட்டுப் பாதிச் சாப்பாட்டுல எழுந்துட்டான்."

"யாரு இந்தச் சவுண்டு?"

"அவன் பாட்டைப் பதிவு பண்றவர். ஸ்டுடியோ அவரோடது." அவள் குரல் இறங்கியது. "காலைலேர்ந்து எனக்கு 'வரலக்கா, இன்னும் வரலக்கா'ன்னு பதில் சொல்லிட்டு இருந்தவரும் அவர்தான்."

*

துரும்பின் ஸ்கூட்டரில் துரும்பு உட்கார்ந்தால் வேறு யாரும் உட்கார முடியாது. ஆகவே மூவரும் வேனிலேயே கிளம்பினார்கள். குழந்தைகளுக்கான இருக்கையில் துரும்பு மடங்கி உட்கார்ந்ததில் அவன் முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன.

சாலை முழுக்க வண்டிகள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வேன் அக்கா மனசுக்குள் மன்றாடினாள். ஆண்டவனே, என் உயிரிலிருந்து எடுத்து அவனுக்குக் கொடு, நீ எப்படிக் கொடுப்பியோ கொடு. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. எதிரே வந்த லாரியிலிருந்து மயிரிழையில் ஒதுங்கினாள்.

"அக்கா" என்றான் துரும்பு பின்னாலிருந்து. "சின்ன வயசுல தம்பி உங்ககிட்ட அடி வாங்கியிருக்காரா?"

"இப்ப என்ன கேள்வி இது?"

"சும்மா சொல்லுங்களேன்."

"ஒரே ஒரு தடவை. மாவு டப்பாவைக் கவிழ்த்து டமடமன்னு தாளம் போட்டான். வீடு முழுக்க மாவு. அந்தத் தூசில அன்னிக்கு இளைப்பு வந்துச்சு. அடிச்ச கையோட தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

"அப்ப அவரோட முதல் ஆல்பம் அதுதான். விமர்சனம் மட்டும் கொஞ்சம் பலமா விழுந்துடுச்சு."

அவளையும் மீறி மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. கண்ணும் நனைந்தது. ஆனால் கை நடுக்கம் நின்றிருந்தது. வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அவன் கேட்டது கதை கேட்பதற்காக இல்லை என்று. கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றும் அறியாதவன் போல் துரும்பு ஜன்னலில் ஒட்டியிருந்த வாத்துப் படத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

*

டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே ஒரு சந்து. அதில் தரைக்குக் கீழே இருந்தது ஸ்டுடியோ. பதினாலு படி இறங்க வேண்டும். கீழே பல்பு எரியவில்லை. உள்ளே மண் வரக்கூடாது என்பதால் செருப்பைப் படிக்கு அடியிலேயே விட வேண்டும். இருட்டில் மூவரும் தட்டுத்தடுமாறிச் செருப்பைக் கழற்றினார்கள். வேன் அக்காவின் வெறுங்காலில் தரை சில்லென்று பட்டது. இந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும்? கட்டிப்போட்ட தம்பியா? அதைவிட மோசமாக எதுவுமா? துப்பறிவாளர் உள்ளங்கையைக் கதவில் வைத்து ஒரு கணம் கண்ணை மூடிவிட்டுத் தள்ளினார்.

உள்ளே கட்டிப்போட்டவர் யாரும் இல்லை. ஒரு நீள மேஜை, பெரிய கணினித் திரை, இரண்டு ஒலிபெருக்கிகள், பழைய சோபா. எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதை இந்தப் பக்கமிருந்து மூடிய கறுப்புத் திரை. பாடும்போது யாரும் தன் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று தம்பி மாட்டச் சொன்ன திரை என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் அவன் நின்று பாடும் சின்ன அறை. பூத் என்பார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருந்ததால், மேலே ஓயாமல் போகிற லாரிச் சத்தம் ஒரு துளிகூடக் கேட்கவில்லை. அந்த அமைதியே அவளுக்குப் பயமாக இருந்தது.

மேஜைக்குப் பின்னாலிருந்து சவுண்டு எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தூங்காத கண்.

"அக்கா! நீங்க ஏன் இவ்வளவு தூரம்... தம்பி ஏதாவது..."

"நான் இவங்களுக்கு வேண்டியவன்" என்றார் துப்பறிவாளர் சாதுவாக. "இன்னிக்கு ஆல்பம் வருதாமே. கடைசிப் பாட்டைக் கொஞ்சம் கேக்கலாமா?"

சவுண்டு தயங்கினார். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினார். அறை முழுக்கத் தம்பியின் குரல் நிறைந்தது.

"நீ விழிச்சிருந்த ராத்திரி எல்லாம்
நான் தூங்கி எழுந்த காலையாச்சு..."

வேன் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பளிங்கு மாதிரி ஒரு பாட்டு. அப்பழுக்கு இல்லை. அவள் தம்பியும் அதில் இல்லை.

"என்ன சுத்தம்!" என்றார் துப்பறிவாளர். "ஒரு மூச்சுகூடக் கேக்கலையே!"

சவுண்டின் முகத்தில் களைப்பையும் மீறி ஒரு பெருமை எட்டிப்பார்த்தது. "இந்த ஒரு ஆல்பத்துல மட்டும் எண்ணூத்திச் சொச்சம் வெட்டு சார். மூச்சுச் சத்தம் கேட்டா, சாப்பாட்டுல கல் கடிச்ச மாதிரி இருக்கும் எனக்கு. விட்டு வைக்கலாம்னு நினைச்சாக்கூடக் கை விடாது."

"யார் குரலா இருந்தாலுமா?"

"யார் குரலா இருந்தாலும்."

"அப்ப இதையும் கேளுங்க."

அவர் கண் காட்ட, வேன் அக்கா செல்போனைத் தொட்டாள். 'அக்கா, நான்தான் பேசறேன்...' பாதி வரவில்லை. சவுண்டின் கை மேஜையிலிருந்து நழுவித் தொங்கியது.

"மொட்டைக் கடிதாசி எழுதினவர், கடைசில கையெழுத்தும் போட்டுட்டீங்களே சார்" என்றான் துரும்பு.

அவள் எப்போது மேஜையைச் சுற்றிப் போனாள், எப்போது அவர் சட்டையைப் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. "எங்க என் தம்பி? சொல்லுங்க! அவன்கிட்ட மருந்து இல்ல! என்ன பண்ணினீங்க அவனை?"

"அக்கா, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல!" சவுண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "ஆல்பம் வர்ற நாள்ல அவன் ஓடிப் போறது வழக்கம்தானேக்கா? முதல் ஆல்பத்துக்கு ஒரு நாள் காணாம போனான். ரெண்டாவதுக்கு ரெண்டு நாள். பயத்துல எங்கயாவது போய்ப் படுத்துக்குவான், அப்புறம் சிரிச்சிட்டே வருவான். இந்தத் தடவையும் அப்படித்தான்னு நினைச்சேன். நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணி அழுதீங்க. என்னால தாங்க முடியல. பாட்டுக்கு நடுவுல அவன் பேசினது, உங்ககிட்ட போன்ல பேசினது எல்லாம் பதிவுல இருந்துச்சு. காலைல இங்கயே உக்காந்து ஒண்ணரை மணி நேரம் வெட்டி ஒட்டி, வேற சிம்லேர்ந்து அனுப்பினேன். உங்க மனசு ஆறட்டும்னுதான்க்கா. வேற ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. மருந்து இல்லாம போயிருக்கான்னு எனக்குத் தெரியாது."

அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளோடு புழங்குகிறவளுக்கு அது பார்த்ததும் தெரிந்துவிடும். அவள் கை தானாகத் தளர்ந்தது.

"அப்ப அவன் எங்க?"

"தெரியலக்கா."

அந்த ஒரு வார்த்தை அவளை உலுக்கியது. இதுவரை அவனை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பயந்தாள். பிடித்து வைத்தவன் காலில் விழலாம், கெஞ்சலாம். இப்போது கெஞ்சுவதற்குக்கூட ஆள் இல்லை. எங்கேயோ ஒரு மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், அவன் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

"நல்ல மனசோடதான் பண்ணியிருக்கீங்க" என்றார் துப்பறிவாளர். அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் சவுண்டை இன்னும் குனிய வைத்தது. "ஆனா இந்தம்மா அதை நம்பியிருந்தா, இந்நேரம் தேடறதை விட்டுட்டு வீட்டுல உக்காந்திருப்பாங்க. அழறவங்க பக்கத்துல போய் உக்காந்திருந்தா போதும் தம்பி. பொய் வேண்டாம்." அவர் கதவை நோக்கித் திரும்பினார். "துரும்பு, கிளம்பு. முதல்ல ஆஸ்பத்திரிங்க, அப்புறம் பஸ் நிலையம்."

வெளியே வந்தார்கள். சவுண்டும் கதவு வரை பின்னாலேயே வந்தார். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. வேன் அக்கா குனிந்தாள். படிக்கட்டின் அடியில் இருட்டில் துழாவி ஒரு செருப்பை மாட்டிக்கொண்டாள், இன்னொன்று கிடைக்கவில்லை.

"பாஸ்" என்றான் துரும்பு, இருட்டிலிருந்து. "ஒரு அதிசயம் கேளுங்க. அரை மணி நேரத்துல என் கால் வளந்துருச்சு."

"துரும்பு, இப்ப வேண்டாம்."

"தமாஷ் இல்ல பாஸ். செருப்பு நுழைய மாட்டேங்குது. என்னோடது மாதிரியே கறுப்பு ரப்பர், அதே வார். ஆனா பாதி அளவு." தீக்குச்சி ஒன்று உரசும் சத்தம். "இதோ, என்னோடது இங்க இருக்கு. இது உங்களோடது. இது அக்காவோடது. மேல் படில கிடக்கறது சவுண்டு சாரோடது." அவன் குரல் மெல்ல மெல்லச் சிறுத்தது. "உள்ள நாலு பேர்தான் இருந்தோம். செருப்பு அஞ்சு ஜோடி இருக்கு."

வேன் அக்கா அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். தீக்குச்சி வெளிச்சம் போதும் அவளுக்கு. இடது வாரின் ஓரத்தில் பச்சை நூல் தையல். போன வாரம் வேன் சீட்டு தைக்கிற ஊசியால் அவளே தைத்தது. காலையில் ஈரத்துணியால் துடைத்து வாசலில் வைத்ததும் அவளே.

"அவனோடது" என்றாள். சத்தமே வரவில்லை.

"இருக்காதுக்கா, நேத்து விட்டுட்டு..." என்று ஆரம்பித்த சவுண்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நான் காலைல அவசரமா இறங்கினேன், இருட்டுல கவனிக்கவே இல்ல."

"இந்தக் கதவுக்கு அவர்கிட்ட சாவி உண்டா?" என்றார் துப்பறிவாளர்.

"உண்டு."

"கடைசிப் பாட்டுல மூச்சு கேக்கணும்னு அவருக்கு ஆசை. நீங்க இல்லாத நேரமா வந்து தானே மறுபடி பாடிப் பதிவு பண்ணிக்கலாம்னு அதிகாலைல வந்திருக்கார். வந்தார், திரும்பிப் போகல." அவர் சவுண்டின் இரண்டு தோளையும் பிடித்தார். "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. காலைல நீங்க உள்ள வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?"

"ஏசி போட்டேன். அப்புறம்... தினமும் செய்யறதுதான் சார். பூத் கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு. மைக்ல தூசி படியும்னு அதை இழுத்துச்..."

அவர் முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

"உள்ளேயிருந்து திறக்க முடியுமா?"

"கைப்பிடி கழண்டு ஒரு மாசமாச்சு" என்றார் சவுண்டு, யாரோ தூரத்தில் பேசுவது போல. "சரி பண்ணணும், சரி பண்ணணும்னு..."

அதற்குள் வேன் அக்கா ஓடிவிட்டாள். ஒரு காலில் செருப்போடு, ஒரு கால் வெறுமையாக. சோபாவில் முட்டினாள், மேஜை விளிம்பு இடுப்பில் இடித்தது, எதுவும் தெரியவில்லை. அந்தக் கனமான கதவின் பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். வரவில்லை. பின்னாலிருந்து துரும்பின் பெரிய கை வந்து சேர்ந்தது. கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது.

அடுப்பைத் திறந்தது போல் வெக்கை முகத்தில் அடித்தது. உள்ளே ஒரே இருட்டு. நிற்கிற உயரத்தில் யாரும் இல்லை. அவள் காலடியில்தான் ஏதோ அசைந்தது.

தரையோடு தரையாகக் குப்புறக் கிடந்தான் தம்பி. பக்கத்தில், அந்தப் பஞ்சு அறைக்குள் சிக்னல் எட்டாத அவன் செல்போன். கதவின் அடியில் காற்றுப் புகாமல் ஒட்டியிருந்த ரப்பர் பட்டையை நகத்தாலும் மைக் கம்பியாலும் பிய்த்து எடுத்திருந்தான். விரல் நுனியெல்லாம் ரத்தம். பிய்த்த இடத்தில் ஒரு நூல் கனத்துக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் வாயை வைத்துத்தான் இத்தனை நேரம் உயிரைப் பிடித்து வைத்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"டேய்! டேய், அக்காடா! வாயைத் திற!"

அவனைத் தூக்கி மார்பில் சாய்த்து, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். ஒன்று. காத்திருந்தாள். இன்னொன்று. அவன் தலை தொங்கியது. அவளுக்குள் எல்லாம் நின்றுபோனது. அழுகை, வேண்டுதல் எதுவும் இல்லை. மூன்றாவது முறை அழுத்தினாள்.

அப்போது கேட்டது. சன்னமாக, கதவிடுக்கில் காற்று நுழைவது மாதிரி, ஒரு விசில். பிறகு இன்னொன்று. இருபது வருஷமாக எந்தச் சத்தம் கேட்பதற்காக விழித்திருந்தாளோ, அதே சத்தம் அவளுக்கு இப்போது தாலாட்டு போல் இருந்தது.

துப்பறிவாளர் செல்போனில் ஆம்புலன்சுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். துரும்பு தன் சட்டையைக் கழற்றித் தம்பிக்கு விசிறினான். அந்தச் சட்டை ஒரு மின்விசிறிக்குச் சமம்.

"மணி... என்னக்கா?"

"ஒண்ணே கால். பேசாத."

"ஆறு மணிக்கு... ஆல்பம்..."

"அது கிடக்குது. நீ மூச்சு விடு, போதும்."

அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பதிவுக் கருவி. "பாடிட்டேன்... காலைலயே... கதவு மூடறதுக்கு முன்னால. இருட்டுல ஹெட்போன் மாட்டிக் கேட்டுட்டு இருந்தேன்... கதவு மூடினது தெரியல." துப்பறிவாளர் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

சவுண்டு கிட்டே வரவில்லை. மேஜைக்கும் பூத்துக்கும் நடுவே இருந்த தரையை வெறித்துக்கொண்டு நின்றார். ஒரு கால் எடுத்து வைத்தார், மறுகால் எடுத்து வைத்தார், அளப்பது போல.

"பத்தடிகூட இல்ல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை அவர். "இவன் இந்தப் பக்கம் கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கான். நான் அந்தப் பக்கம் உக்காந்து இவன் மூச்சை வெட்டிக்கிட்டு இருந்தேன். ஒண்ணரை மணி நேரம். எனக்கு ஒண்ணுமே கேக்கல."

சொல்லிவிட்டுச் சுவரோரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அடி விழட்டும் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வேன் அக்கா அவரைப் பார்த்தாள். அடிக்க வேண்டும் என்றுதான் கை துடித்தது. அடித்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கதவை மூடிய கை அது. அவளுக்குப் பொய் அனுப்பிய கை. ஆனால் அந்தக் கை இப்போது பயத்தில் எப்படி நடுங்குகிறது என்று அவள் பார்த்தாள். காலையிலிருந்து அவள் கையும் அப்படித்தான் நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அம்மா" என்றார் துப்பறிவாளர். "ஆம்புலன்ஸ் பெரிய சாலைக்கு வந்துடுச்சாம். சந்துக்கு வழி தெரியலையாம். யாராவது மேல போய்க் காட்டணும்."

"நான் போறேன்" என்றாள் அவள். சந்துமுனையில் அந்த நெரிசலில் வண்டிகளை நிறுத்தி வழி வாங்குவது அவளுக்குத்தான் பழக்கம்.

தம்பியை மெல்லச் சுவரில் சாய்த்தாள். பிறகு திரும்பி, சவுண்டின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் முகத்தை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. அவள் அந்தக் கையைக் கொண்டுபோய்த் தம்பியின் முதுகில் வைத்தாள்.

"இங்க. கீழேர்ந்து மேல தடவி விடுங்க, மெதுவா. ஒவ்வொரு மூச்சா எண்ணுங்க. நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினா எனக்குக் குரல் கொடுங்க. நான் வர்ற வரைக்கும் இவன் உங்க பொறுப்பு."

"என்கிட்டயா அக்கா?"

"உங்ககிட்டதான். உங்க காது மாதிரி வேற யாருக்கு இருக்கு?"

அவள் படியேறினாள். பாதிப் படியில், பின்னாலிருந்து சவுண்டின் குரல் கேட்டது. உடைந்த குரல்தான், ஆனால் நிதானமாக இருந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அந்தச் சன்னமான விசில்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. சைரன் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. சந்துமுனையில் லாரிகளும் கார்களும் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. வேன் அக்கா ஒரு காலில் செருப்போடு நேரே சாலை நடுவில் இறங்கி, வலது கையை உயர்த்தினாள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வண்டிகளும் நின்றன.